வயிற்றெரிச்சலா? கடிகாரத்தைப் பாருங்கள்!

காலையில் எழுந்ததும் உங்கள் வயிற்றுக்குள் முதலில் போவது எது? 'டீதான்' என்று உங்களில் பெரும்பாலோர் சொல்வீர்கள். எங்கள் நீலகிரியில் கேட்கவே வேண்டாம். ஐந்தரை மணிக் குளிரில் எழுந்து, பல் தேய்த்தும் தேய்க்காமலும் ஆவி பறக்க ஒரு டம்ளர் டீ. எட்டு மணிக்கு இன்னொன்று. பதினோரு மணிக்கு வர்க்கியை முக்கிக்கொண்டு மூன்றாவது. 'சாப்பாடு எப்போம்மா?' என்று கேட்டால், 'மத்தியானம் ஒரு மணிக்கு மேலதாங்க ஐயா... காலையில பசிக்கிறதே இல்லீங்க' என்பார்கள். எப்படிப் பசிக்கும்? பசியைத்தான் டீ அமுக்கி வைத்துவிட்டதே!

அப்புறம், 'நெஞ்செல்லாம் எரியுது, புளிச்ச ஏப்பமா வருது. எதைச் சாப்பிடலாம், எதை ஒதுக்கணும்னு ஒரு லிஸ்ட் எழுதிக் கொடுங்க' என்று கேட்பார்கள்.

லிஸ்ட் தருகிறேன். அதற்கு முன்னால் ஒரு விஷயம். நெஞ்செரிச்சல், புளியேப்பம், இரைப்பை அழற்சி, வயிற்றுப்புண் என்று மேல்வயிற்றில் வரும் கோளாறுகளில், என்ன சாப்பிடுகிறீர்கள் என்பதில் பாதிதான் இருக்கிறது. எத்தனை மணிக்கு, எவ்வளவு சூட்டில், எவ்வளவு அளவு, சாப்பிட்டு எழுந்ததும் என்ன செய்கிறீர்கள் என்பதில் மீதிப் பாதி. மிளகாயையும் புளியையும் திட்டுகிறவர்கள் கடிகாரத்தைப் பார்ப்பதே இல்லை.

சித்த மருத்துவம் இந்த நோய்க் கூட்டத்தைக் குன்மம் என்கிறது. குன்மத்தில் எட்டு வகை. அதில் எரி குன்மம் என்பது இன்று நாம் சொல்லும் அல்சருக்குக் கிட்டத்தட்டப் பொருந்தும். நேரம் தப்பிய உணவு, முந்தின உணவு செரிக்குமுன் அடுத்த உணவு என்று அதற்குப் பழைய நூல்கள் சொல்லும் காரணங்களைப் படித்தால், நம் வீட்டைப் பார்த்து எழுதியது போலவே இருக்கும். திருக்குறளில் 'மருந்து' என்று ஓர் அதிகாரம் உண்டல்லவா? பத்துக் குறளில் ஒன்றிலாவது ஒரு மருந்தின் பெயர் வருகிறதா, பாருங்கள். அளவையும் பசியையும் பற்றியே வள்ளுவர் அதிகம் பேசுகிறார்.

எரிப்பது எது?

நம் இரைப்பையில் சுரப்பது சாதாரணத் திரவம் அல்ல, ஹைட்ரோகுளோரிக் அமிலம். உணவோடு வரும் கிருமிகளைக் கொல்லவும் புரதத்தைச் செரிக்கவும் அது தேவை. அந்த அமிலம் இரைப்பையையே அரித்துவிடாமல் இருக்க, உள்சுவரில் வழவழப்பான சளிப்படலம் ஒன்று பூசியிருக்கிறது. உணவுக்குழாயின் அடியில் ஒரு தசை வளையம், வாசல் கதவு மாதிரி, அமிலம் மேலே ஏறாமல் காக்கிறது. படலம் கெட்டால் புண். கதவு தளர்ந்தால் நெஞ்செரிச்சல். வலி எப்போது வருகிறது என்று கவனித்தாலே ஓரளவு புரியும். வெறும் வயிற்றில், நடுராத்திரியில் வலித்து, ஏதாவது சாப்பிட்டதும் தணிந்தால், பெரும்பாலும் சிறுகுடலின் தொடக்கத்தில் புண் இருக்கும். சாப்பிட்ட பிறகு வலி கூடினால் இரைப்பையில். குனிந்தால், படுத்தால் எரிச்சல் மேலே ஏறினால் கதவுக் கோளாறு.

படலத்தைக் கெடுப்பவர்களில் இரண்டு பேர் பெரிய ஆட்கள். முதலாவது, ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற கிருமி. அமிலத்தில் எந்தக் கிருமியும் பிழைக்காது என்றுதான் மருத்துவ உலகம் நெடுங்காலம் நம்பிக்கொண்டிருந்தது. ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரத்தில் ராபின் வாரன், பாரி மார்ஷல் என்ற இரண்டு மருத்துவர்கள் 1982ல் இதை வளர்த்துக் காட்டினார்கள். யாரும் நம்பவில்லை. 1984ல் மார்ஷல் கிருமி கலந்த திரவத்தைத் தானே குடித்து, இரைப்பை அழற்சியை வரவழைத்துக்கொண்டார்! 2005ல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. நம் நாட்டில் பெரியவர்களில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் வயிற்றில் இந்தக் கிருமி குடியிருக்கிறது. எல்லோருக்கும் அது தொல்லை தருவதில்லை. ஆனால் சிலருக்குப் புண்ணாகி, வெகு சிலருக்குப் பல ஆண்டுகள் கழித்து இரைப்பைப் புற்றாகவும் முடிகிறது.

ஒரு சித்த மருத்துவனாக இதைத் தெளிவாகவே சொல்லிவிடுகிறேன். இந்தக் கிருமியை எந்தக் கீரையும் எந்தக் கஞ்சியும் வேரோடு அழிக்காது. பரிசோதனையில் இருப்பது தெரிந்து, மருத்துவர் சிகிச்சை தேவை என்று சொன்னால், ஆங்கில மருந்தைச் சொன்ன நாள் வரைக்கும் விடாமல் சாப்பிடுங்கள். நான்கு நாளில் எரிச்சல் நின்றதும் மாத்திரையை அலமாரியில் போட்டுவிடுவதால்தான் பலருக்குத் திரும்ப வருகிறது.

இரண்டாவது ஆள், வலி மாத்திரை. மலையில் மேடும் பள்ளமும் ஏறி இறங்கி முழங்கால் தேய்ந்தவர்கள் நிறையப் பேர். கடையில் கேட்டு வாங்கி, காலையில் வெறும் வயிற்றில் ஒரு டம்ளர் டீயோடு அதை விழுங்குகிறார்கள். என்னிடம் வந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் மிளகாயை விட்டு, புளியை விட்டு, காபியை விட்டு, ஒன்றரை வருஷமாகத் தயிர்சாதம் மட்டும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எரிச்சல் மட்டும் போகவே இல்லை. சட்டைப் பையில் என்னவென்று கேட்டேன். முழங்கால் வலி மாத்திரைப் பட்டை! 'இது மூட்டுக்குத்தானே சார், வயித்துக்கு இல்லையே' என்றார். டைக்ளோஃபினாக், ஐபுப்ரூஃபன், ஆஸ்பிரின் ஆகியவை எல்லாமே அந்தச் சளிப்படலத்தைக் காக்கும் சுரப்பைக் குறைப்பவை. ஒரு எச்சரிக்கை: இதயத்துக்காக டாக்டர் எழுதிக் கொடுத்த ஆஸ்பிரினை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். அவரிடம் வயிற்றுக் கோளாறைச் சொல்லி மாற்று கேளுங்கள்.

பால் குடித்தால் ஆறுமா?

இந்த நம்பிக்கைக்கு நூறு வயதுக்கு மேல் ஆகிறது. சிகாகோவில் பெர்ட்ராம் சிப்பி என்ற மருத்துவர் 1915ல் ஒரு பத்தியம் வகுத்தார். அல்சர்காரர்களுக்கு மணிக்கு ஒரு தரம் பாலும் பாலாடையும். உலகம் முழுக்க அரை நூற்றாண்டுக்கு மேல் அதைப் பின்பற்றியது. பால் குடித்ததும் எரிச்சல் அடங்குவது உண்மைதான், அந்த நேரத்துக்கு அமிலத்தை அது மட்டுப்படுத்துகிறது. ஆனால் பாலில் உள்ள புரதமும் கால்சியமும் சற்று நேரத்தில் கூடுதல் அமிலத்தைச் சுரக்க வைக்கின்றன. ராத்திரி பத்து மணிக்கு ஒரு டம்ளர் பால் குடித்துவிட்டுப் படுப்பவருக்கு ஒரு மணிக்கு ஏன் எரிகிறது என்று இப்போது புரிகிறதா?

பாலே கூடாது என்று சொல்லவில்லை. பகலில் உணவோடு உணவாக ஒரு டம்ளர் குடிக்கலாம். மருந்தாக நினைத்து மணிக்கணக்கில் குடிக்காதீர்கள். கோத்தகிரிப் பக்கத்திலிருந்து வந்த ஒரு பெண்மணி எட்டு மாதம் பாலும் பிரெட்டும் மட்டுமே எடுத்துக்கொண்டிருந்தார். புண்ணும் ஆறவில்லை, ரத்தமும் சோகை கண்டுவிட்டது. புண் ஆற உடம்புக்குப் புரதமும் இரும்பும் வேண்டும், பச்சைக் காய்கறி வேண்டும். பத்தியம் என்ற பெயரில் உடம்பைப் பட்டினி போடக்கூடாது.

டீயை விட வேண்டுமா?

தேயிலை மலையில் உட்கார்ந்துகொண்டு 'டீ குடிக்காதே' என்று சொன்னால் என்னை ஊரை விட்டே துரத்திவிடுவார்கள்! விட வேண்டாம். இடத்தை மாற்றுங்கள், போதும். டில்லி மருத்துவர்கள் 1984ல் வெளியிட்ட ஓர் ஆய்வில், கடுமையான டிகாக்ஷன் டீ இரைப்பை அமிலத்தை மிக வேகமாகத் தூண்டுவதைக் கண்டார்கள். பாலும் சர்க்கரையும் சேர்த்தபோது அந்தத் தூண்டல் குறைந்தது. ஆக, வெறும் வயிற்றில் கொதிக்கக் கொதிக்கக் கட்டன் டீ குடிப்பதுதான் மிகவும் கெடுதல். இலங்கையிலிருந்து 1964ம் வருட ஒப்பந்தத்துக்குப் பிறகு தாயகம் திரும்பிய குடும்பங்கள் இங்கே கூடலூர், கோத்தகிரி, குந்தா பக்கமெல்லாம் இருக்கிறார்கள். அந்தப் பழைய வழக்கத்தில் டீக்கு முன்னாலோ கூடவோ ஒரு ரொட்டியாவது இருக்கும். பிள்ளைகள் தலைமுறையில் ரொட்டி போய், டீ மட்டும் தங்கிவிட்டது.

சூட்டையும் கவனியுங்கள். 65 டிகிரிக்கு மேல் கொதிக்கும் பானங்கள் உணவுக்குழாய்ப் புற்றுக்கு அநேகமாகக் காரணமாகலாம் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2016ல் அறிவித்தது. குற்றவாளி டீயோ காபியோ அல்ல, சூடுதான். குளிர் பிரதேசத்தில் உதடு சுடச் சுடக் குடிப்பது ஒரு சுகம்தான். நான்கைந்து நிமிஷம் கையைச் சூடுபடுத்திக்கொண்டு அப்புறம் குடியுங்களேன். கையும் காயும், தொண்டையும் பிழைக்கும்.

ராகியை மறந்த மலை

தென்னாட்டில் அல்சர் ஏன் இவ்வளவு அதிகம் என்ற கேள்வியை இரண்டு மருத்துவர்கள் விடாமல் துரத்தினார்கள். ரயில்வே மருத்துவர் எஸ்.எல்.மல்ஹோத்ரா, வட இந்திய ரயில்வே ஊழியர்களைவிடத் தென்னிந்திய ஊழியர்களுக்கு வயிற்றுப்புண் மிக அதிகம் என்று 1960களில் எழுதினார். சப்பாத்தியை மென்றுதான் ஆக வேண்டும், உமிழ்நீர் கலக்கிறது. குழைந்த சாதத்தை விழுங்கிவிடுகிறோம் என்பது அவர் கருத்து. மைசூர் ஹோல்ட்ஸ்வொர்த் மருத்துவமனையில் அறுவை மருத்துவராக இருந்த பிராங்க் டோவி, இந்தியா முழுவதுக்கும் கணக்கெடுத்து 1979ல் வெளியிட்டார். அரிசியே பிரதானமான பகுதிகளில் புண் அதிகம். கோதுமை, சிறுதானியம், பயறு வகைகள் கூடுதலாகச் சாப்பிடும் பகுதிகளில் குறைவு. கிருமி இரண்டு பகுதியிலும் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் உணவு ஏதோ ஒரு காவல் தருகிறது என்பது அவர் முடிவு.

இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு எங்கள் மலைதான் நினைவுக்கு வரும். படுகர் இன மக்களின் பழைய சாப்பாடு ராகியும் சாமையும்தான். கூட அவரை, கீரை. உருளைக்கிழங்கும் தேயிலையும் நிலத்தைப் பிடித்தன, ரேஷன் அரிசி அடுப்பைப் பிடித்தது. இப்போது அறுபது வயதுப் பாட்டிமார்தான் களி கிண்டுகிறார்கள். மூன்று வேளை அரிசியில் ஒரு வேளையை ராகிக்கோ சாமைக்கோ கொடுத்துப் பாருங்கள். ஊரில் இருப்பவர்கள் கம்பு, வரகு எது கிடைத்தாலும் சரி. களியை வாயில் போட்டதும் விழுங்காமல் நிதானமாகச் சாப்பிடுங்கள்.

டோவி குழுவினர் எலிகளில் செய்த சோதனையில் கொள்ளும் காவல் தந்தது. ஆனால் கொள்ளு சூடு, பித்தத்தைக் கிளப்பும் என்பது நம் மருத்துவத்தின் கணிப்பு. எரிச்சல் உள்ளபோது நான் கொள்ளு ரசம் தருவதில்லை. பாசிப்பருப்புதான் என் தேர்வு.

மலைவாசிகளுக்கு மட்டும் ஒரு வார்த்தை. ஊட்டி கடல் மட்டத்திலிருந்து 2,240 மீட்டர் உயரம். சென்னையில் 100 டிகிரியில் கொதிக்கும் தண்ணீர் இங்கே 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். 'நல்லாக் கொதிச்சதே' என்று இறக்கினால் பருப்பு உள்ளே வேகாமல்தான் இருக்கும். பாதி வெந்த துவரையும் பட்டாணியும் பொருமலுக்கு நேர்வழி. ராத்திரியே ஊறவைத்து, குக்கரில் இரண்டு விசில் கூட விடுங்கள். இன்னொன்று, குளிரில் மாவு புளிக்காது என்று இட்லி மாவில் சோடா உப்பைக் கொட்டுவது. அடுப்படி ஓரத்தில் கம்பளி சுற்றி வைத்தால் தானே பொங்கும். சோடா உப்பைக் கரைத்துக் குடித்து எரிச்சலைத் தணிப்பவர்களும் உண்டு. அந்த ஏப்பம் சுகமாக இருக்கும். உப்பு ஏறுவதால் ரத்தக் கொதிப்புக்காரர்களுக்கு அது ஆகவே ஆகாது.

ஒரு நாள் எப்படி இருக்க வேண்டும்?

எழுந்ததும் வெதுவெதுப்பான சீரகத் தண்ணீர் ஒரு டம்ளர். ஏழரை, எட்டு மணிக்குள் காலை உணவு: இட்லி, ராகிக் கூழ், பாசிப்பருப்புப் பொங்கல் எதுவானாலும். பொங்கலில் நெய்யைக் குறையுங்கள். டீ அதற்குப் பிறகு. பதினொன்றுக்கு வர்க்கி வேண்டாம். மைதாவும் கொழுப்பும் இரைப்பையை விட்டு லேசில் நகராது. ஒரு வாழைப்பழம் அல்லது நன்றாகப் பழுத்த ஊட்டிப் பேரிக்காய் சாப்பிடலாம். ப்ளம்ஸ், தாட்பூட் பழம், ஆரஞ்சு மாதிரிப் புளிப்பானவை எரிச்சல் அடங்கும் வரை விருந்தாளிகளுக்கு இருக்கட்டும்.

பன்னிரண்டரை, ஒரு மணிக்கு மதியச் சாப்பாடு. வெண்பூசணிக் கூட்டு, சுரைக்காய், பீர்க்கங்காய், கேரட், நூல்கோல், கீரை. கடைசியில் மோர். மோரைத் தண்ணீர் தாராளமாகச் சேர்த்துத்தான் குடிக்க வேண்டும் என்பது தேரையர் காலத்து விதி. 'மலையில மோர் குடிச்சா சளி பிடிக்கும்' என்று பயப்படுகிறவர்கள் வெதுவெதுப்பான நீரில் கலந்து, வறுத்த சீரகம் போட்டுப் பகலில் குடியுங்கள். ஆனால் பால், மோர் குடித்தாலே வயிறு இரைகிறவர்களுக்கு இது பொருந்தாது.

மணத்தக்காளிக் கீரைக்குத் தனி இடம் தர வேண்டும். ஒரு கைப்பிடிக் கீரையை ஆய்ந்து, சின்ன வெங்காயம் நான்கு, சீரகம் அரை ஸ்பூன், அரிசி களைந்த தண்ணீர் விட்டு வேகவையுங்கள். இறக்கும்போது அரை டம்ளர் தேங்காய்ப்பால், உப்பு. புளி, மிளகாய் வேண்டாம். வாரம் மூன்று நாள் சாதத்தில் பிசைந்து சாப்பிடலாம். வாய்ப்புண்ணும் கூடவே இருப்பவர்களுக்கு நல்ல இதம் தெரியும். முட்டைக்கோஸ் சாற்றைப் பற்றியும் கேட்பீர்கள். கார்னெட் செனி என்ற அமெரிக்க மருத்துவர் 1949ல் பச்சைக் கோஸ் சாறு கொடுத்துப் புண் சீக்கிரம் ஆறியது என்று எழுதினார். அவர் பார்த்தது 13 பேரைத்தான். பச்சையாகக் குடித்தால் பலருக்குப் பொருமல் வரும். ஊட்டி கோஸை வேகவைத்துப் பொரியலாகவே சாப்பிடுங்கள்.

மாலையில் இரண்டாவது டீ, கூட ஒரு கைப்பிடிப் பொரி. அதோடு டீ முடிந்தது. ராத்திரி சாப்பாடு ஏழரைக்குள், வயிற்றில் கொஞ்சம் இடம் வைத்து. இங்கேதான் மலை நம்மைக் கவிழ்க்கிறது. குளிர், ஒன்பது மணிக்குக் கம்பளிக்குள் புகுந்துவிடத் தோன்றும். எட்டே முக்காலுக்குச் சாப்பிட்டு ஒன்பதுக்குப் படுத்தால், அமிலம் தசைக்கதவைத் தள்ளிக்கொண்டு மேலே வராமல் என்ன செய்யும்? சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் நடுவே இரண்டரை, மூன்று மணி நேரம் இருக்கட்டும். கட்டிலின் தலைமாட்டுக் கால்கள் இரண்டுக்கும் அடியில் ஆறு அங்குலத்துக்குச் செங்கல் வையுங்கள். தலையணையை அடுக்கினால் வயிறு மடங்கி எரிச்சல் கூடும், செங்கல்தான் சரி. இடப்பக்கம் சாய்ந்து படுங்கள். பாவாடை நாடாவையும் பெல்ட்டையும் தளர்த்துங்கள். ராத்திரி சாப்பாட்டுக்கு மேல் ஊட்டி சாக்லேட்டும் புதினா மிட்டாயும் வேண்டாம். இரண்டுமே அந்தக் கதவைத் தளர்த்துபவை. பீடி, சிகரெட், மது பற்றி நான் சொல்லித்தான் தெரிய வேண்டுமா?

மிளகாய் மட்டும் புண்ணை உண்டாக்குவதில்லை. இருக்கும் புண்ணில் அது எரியும், அவ்வளவுதான். ஆறும்வரை குறையுங்கள், பிறகு அளவோடு சேருங்கள்.

மருந்துப் பெட்டியில் கை வைக்குமுன்

அதிமதுரம் வயிற்றுப்புண்ணுக்கு நல்ல மருந்து என்பது நம் நாட்டில் பழைய சேதி. 1940களில் நெதர்லாந்தில் ரெவர்ஸ் என்ற மருத்துவர் அதைப் புண்ணுக்குக் கொடுத்துப் பார்த்தார். பிறகு அதிலிருந்தே கார்பெனோக்சலோன் என்ற ஆங்கில மருந்து வந்தது. புண் ஆறியது, சிலருக்குக் கால் வீங்கியது, ரத்தக் கொதிப்பு ஏறியது, பொட்டாசியம் இறங்கியது. அதிமதுரத்துக்கும் அந்தக் குணம் உண்டு. பி.பி., இதயம், சிறுநீரகத் தொல்லை உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் தொடாதீர்கள். மற்றவர்களும் மருத்துவர் சொல்லாமல் வாரக்கணக்கில் சாப்பிட வேண்டாம். ஏலாதி சூரணம், சங்கு பற்பம் இரண்டையும் நானே கொடுக்கிறேன், ஆளைப் பார்த்து, அளவு சொல்லி. கடையில் பொட்டலம் வாங்கிச் சாப்பிடும் சமாச்சாரம் அல்ல. ஊட்டிக்கு வருகிறவர்கள் வாங்கிப் போகும் நீலகிரித் தைலத்தைச் சர்க்கரையில் இரண்டு சொட்டு விட்டு விழுங்கினால் வாயு கலையும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அது மேலுக்குத் தடவத்தான். உள்ளே போனால் விஷம், குழந்தைகளுக்கு ரொம்பவே ஆபத்து.

எப்போது பத்தியத்தை விட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்? மலம் தார் மாதிரிக் கறுப்பாக, பிசுபிசுப்பாகப் போனால் உள்ளே ரத்தம் கசிகிறது. இரும்புச் சத்து மாத்திரை சாப்பிட்டாலும் கறுக்கும், ஊட்டி பீட்ரூட்டை நிறையச் சாப்பிட்டால் சிவக்கும். ஆனால் சந்தேகம் வந்தால் அன்றைக்கே காட்டிவிடுங்கள். ரத்த வாந்தி, காபித்தூள் மாதிரி வாந்தி, திடீரென்று வயிறு பலகை போல் இறுகித் தாங்க முடியாத வலி என்றால் ஒரு நிமிஷமும் தாமதிக்கக் கூடாது. விழுங்கும்போது அடைப்பது, காரணமில்லாமல் எடை குறைவது, ஐம்பது வயதுக்கு மேல் முதல்முறையாக வரும் அஜீரணம் ஆகியவற்றுக்கு எண்டோஸ்கோப்பி அவசியம். நெஞ்செரிச்சலோடு வியர்வை, மூச்சுத்திணறல், தாடைக்கோ இடது கைக்கோ பரவும் வலி இருந்தால் 'வாயுதான்' என்று பூண்டு உரித்துக்கொண்டிருக்காதீர்கள். மாரடைப்பாக இருக்கலாம். சர்க்கரை நோயாளிகளுக்கும் பெண்களுக்கும் மாரடைப்பு வெறும் அஜீரணம் மாதிரியே வருவதுண்டு.

கிருமிப் பரிசோதனைக்குப் போகிறவர்கள் ஒன்றை நினைவில் வையுங்கள். அமிலத்தைக் குறைக்கும் ஒமெப்ரசோல் வகை மாத்திரைகளைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தால் மூச்சுப் பரிசோதனையில் கிருமி தெரியாமல் போகலாம். வழக்கமாக இரண்டு வாரம் நிறுத்திவிட்டுத்தான் செய்வார்கள். அதை நிறுத்தலாமா என்பதை மருத்துவரே சொல்லட்டும். போகும்போது சாப்பிடும் மருந்துகள் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். மூட்டுவலி மாத்திரை, நாட்டு மருந்துப் பொட்டலம் எல்லாம் சேர்த்துத்தான்.